நொட்டாங்கைக்காரரின் கிட்டார்கள்

என் வீட்டுக் கூடத்துச் சுவரில் எலெக்ட்ரிக் கிட்டார்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல். வருகிறவர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு, இவ்வளவையும் சார் வாசிப்பாரா என்று கேட்பார்கள். இதில் ஒன்றைக்கூட அவர் வாசிக்க மாட்டார் என்று நான் சொன்னால், குறும்புக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். குறும்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவை அத்தனையும் அன்பளிப்பாக வந்தவை. கொடுத்தவர்களில் ஒருவர்கூட அவருடைய கையை ஒழுங்காகப் பார்த்ததில்லை. அவர் வாசிக்கிற கிட்டார்கள் உள்ளே, படுக்கையறையில், கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு மேலும் என் தையல் மெஷினுக்குப் பின்னாலும் கிடக்கின்றன. காலை நீட்ட இடமில்லாத அறை அது.

இதைச் சொல்லத் தொடங்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இடக்கைக்காரர். பள்ளிக்கூடத்தில் அந்தக் கையில் பிரம்பு உடைந்ததெல்லாம் உண்டு. எழுத்து மட்டும் வலக்கைக்கு மாறியது, மற்றது எதுவும் மாறவில்லை. 'நொட்டாங்கை' என்று யாரோ வைத்த பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலை நரைத்த பிறகும் இவர் வாசிக்கிற இசைக்குழுவில் இருப்பவர்கள் 'நொட்டாங்கை அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவருக்கு ஓர் அண்ணன், எனக்கு மூத்தார். அவர் கல்லூரியில் படிக்கும்போது சிவப்பாக ஒரு கிட்டார் வாங்கிவந்தார். தம்பி அதன் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று சட்டமும் போட்டார். தம்பி என்ன செய்வார்? அண்ணன் வெளியே போகிற நேரம் பார்த்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

அது வலக்கைக்காரர்களுக்கான கிட்டார். இவர் தம் கைக்குத் தோதாக அதைத் திருப்பிப் பிடித்தார். அப்படித் திருப்பினால் மேலே இருக்கவேண்டிய தடித்த கம்பி கீழே போய்விடும், கீழே இருக்கவேண்டிய மெல்லிய கம்பி மேலே வந்துவிடும். மற்ற இடக்கைக்காரர்கள் என்றால் கம்பிகளைக் கழற்றி வரிசையை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். இவர் கம்பியைத் தொட்டால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். ஆகவே இருந்தது இருந்தபடியே, தலைகீழ் வரிசையிலேயே வாசிக்கப் பழகினார். மூத்தாருக்கு அந்தக் கிட்டார் அலுத்துப்போய், மைக்கைப் பிடித்துப் பேசுவதில் ருசி தட்டி, இந்தா நீயே வைத்துக்கொள் என்று தூக்கிக் கொடுத்தபோது இவருடைய விரல்களுக்கு வேறு வரிசையே தெரியாது.

இடக்கைக்காரர்களுக்கென்று கடையில் தனியாக விற்கிற கிட்டார் இவருக்கு ஆகாது. அதில் தடித்த கம்பி மேலே இருக்கும். இவருக்கு வேண்டியதெல்லாம் ஊரில் எல்லாரும் வாசிக்கிற சாதாரண வலக்கைக் கிட்டார்தான். அதைத் திருப்பிக்கொள்வார், வேலை முடிந்தது. எந்தக் கடையில் எதை எடுத்தாலும் இவருக்குச் சரி. இவருக்கென்றே பார்த்துப் பார்த்துக் கொடுப்பதுதான் சரிப்படாது. இவ்வளவு சின்ன விஷயம் யார் மண்டையிலும் ஏறவில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், நான் தையற்காரி. ஒரு பழைய சட்டையைக் கையில் கொடுத்தால், போட்டவர் எந்தத் தோளில் பை மாட்டுகிறார், எந்த முழங்கையை மேசையில் ஊன்றுகிறார் என்று சொல்லிவிடுவேன். கல்யாணமான புதிதில் அந்தச் சிவப்புக் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள் இருக்கிற பக்கம், கை படவே கூடாத இடத்தில், பூச்சு போய் மரம் தெரிந்தது. இது ஏன் இப்படி என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, கொலை செய்ததை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார். சொன்ன கையோடு, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

காரணம் இருந்தது. சின்ன வயதில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாசிக்கப் போயிருக்கிறார். அங்கே இசையமைப்பாளர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, பக்கத்து அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, சர்க்கஸில் சேரவேண்டியவன் இங்கே வந்திருக்கிறான் பாருங்கள் என்று காட்டினாராம். சிரித்து ஓய்ந்தபிறகு, இனிமேல் ஒழுங்காகப் பிடித்து வாசி என்றாராம். அன்றிலிருந்து இவருக்கு மேடையில் பின்வரிசைதான். கை தெரியாதபடி உடம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கழுத்துப் பிடிப்பு வந்தவர்போல உட்கார்ந்திருப்பார். இடக்கைக் கிட்டாரா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவார். வாயைத் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். கேட்கிற காதுக்கு நான் எப்படிப் பிடித்தால் என்ன என்பார். அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்னும் எரியும்.

சிவப்புக்கு அடுத்து வந்தது வெண்ணெய் நிறத்தில் ஒன்று, நட்சத்திர ஓட்டலின் நடனக் கூடத்தில் இவர் வாசிக்கத் தொடங்கியபோது வாங்கியது. கடைக்காரர் இவர் கையைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் இடக்கைக் கிட்டார் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்தார். இவர் அதைத் தொடாமல், முன்னால் மாட்டியிருந்த சாதாரணத்தை எடுத்துத் திருப்பிக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் சார் என்று கடைக்காரர் சொல்ல, உங்கள் கழுத்தா சுளுக்கப்போகிறது, உங்களுக்கென்ன என்று நான் கேட்டுவிட்டேன். அந்தக் கிட்டாரில் ஒரு தொல்லை இருந்தது. திருப்பிப் பிடிப்பதால் குமிழ்கள் மேல்பக்கம் வந்துவிடும், வாசிக்கிற வேகத்தில் முழங்கை உரசி, பாட்டு நடுவில் சத்தம் செத்துப்போகும். நான் கெட்டித் துணியில் இரண்டு மடிப்பு வைத்து ஒரு சின்ன உறை தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டபிறகு சத்தம் அடங்கவில்லை.

அப்புறம் வந்தவன் கொம்பன். கறுப்பு. அதன் உடம்பில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் கொம்புபோல வெட்டு இருக்கும், அதனால் திருப்பிப் பிடித்தாலும் இவர் விரல் கம்பி ஓடுகிற கழுத்தின் அடிவரை போகும். பெயர் வைத்தது எங்கள் மகள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது இன்னொன்று, உள்ளே கூடாக இருக்கிற பழுப்பு நிறக் கிட்டார். சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டியைப் போடாமலே அது மெதுவாகக் கேட்கும். குழந்தை விழித்துக்கொள்ளாமல் பழகுவதற்காகவே அதை எடுத்தார். ஒரு பச்சைக் கிட்டாரும் உண்டு, தொழிற்சாலையில் பூச்சு சரியில்லையென்று ஒதுக்கியது. பார்க்கச் சகிக்காது. சோக மெட்டு வாசித்தால் அதை அடிக்க இன்னொன்று கிடையாது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. எல்லாவற்றிலும் அதே இடத்தில் பூச்சு தேய்ந்து இவர் கை உட்காருகிற பள்ளம் விழுந்திருக்கும். இருட்டில் தடவிப் பார்த்தே எது எதுவென்று சொல்வார்.

கூடத்துச் சுவர் நிரம்பியது வேறு கதை. ஓட்டல் முதலாளி விடைகொடுக்கும்போது ஓர் இடக்கைக் கிட்டார் கொடுத்தார். ரசிகர்கள் சிலர் சேர்ந்து ஒன்று வாங்கி வந்தார்கள். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மூத்தாரே குழு சார்பில் ஒன்று கொடுத்தார். இதுக்காக ஊரெல்லாம் அலைந்தேன் தெரியுமா என்று வேறு சொல்லிக்காட்டினார். அலைந்த நேரத்தில் தம்பி கையை ஒரு பார்வை பார்த்திருக்கலாம். இவர் ஒவ்வொரு தடவையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்து ஆணி அடித்து மாட்டினார். ஒருமுறை நான் பொறுக்காமல், கம்பியை மாற்றிப் போட்டாவது வாசியுங்களேன் என்றேன். போட்டுக் காட்டினார். கிட்டாரின் தலைக்குக் கீழே கம்பிகள் உட்காருவதற்கென்று சீப்புப்பல் மாதிரி ஒரு சின்னக் கட்டை இருக்கிறது. தடித்த கம்பிக்கு அகலமான பள்ளம், மெல்லியதற்குக் குறுகலான பள்ளம். மாற்றிப் போட்டால் தடித்தது உட்காராமல் வழுக்கியது, மெல்லியது கிடந்து ஆடியது. அந்தக் கட்டையையே புதிதாக அறுத்து வைக்கவேண்டும் என்றார். கொடுத்தவர்கள் கொடுத்தபடியே இருக்கட்டும் என்று மறுபடி சுவரில் மாட்டிவிட்டார்.

மூத்தார் இப்போது குழுவின் தலைவர், மேலாளர், மேடையில் பேசுகிறவர், எல்லாம். முன்னால் நின்று அவர் பேசுவார், பின்னால் உட்கார்ந்து இவர் வாசிப்பார். என் தம்பியை நான்தான் தயார் செய்தேன் என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்வார். என்ன தயார் செய்தார் என்று எனக்குத் தெரியாது. போகட்டும். ஆனால் போன வருடம் அவருக்கே ஏதோ தோன்றி, குழுவின் ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் இவருக்குத் தனியாக ஒதுக்கினார். பாட்டுக்காரர்கள் இல்லை, பேச்சு இல்லை. இவர் கிட்டார், இவர் போட்ட மெட்டுகள்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பாட்டுக்கு வாசித்த மனுஷனுக்கு அந்த ஒரு மணி நேரம் என்னவாக இருந்தது என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரு கிட்டார் என்று பிரித்துக்கொண்டார். சிவப்பில் தொடங்கி கொம்பனில் முடிப்பது, நடுவில் பச்சை. இந்தத் தடவை நாற்காலியை முன்னாலேயே போடச் சொல்லப்போகிறேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று என்னிடம் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகட்டும், இப்போதாவது புத்தி வந்ததே என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

விழாவுக்கு முன்னால் மகள் வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தோம். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று மூத்தாரிடம் எப்போதும் இருக்கும். திரும்பி வந்தால் படுக்கையறைக் கிட்டார்கள் எதையும் காணோம். மூத்தாருக்குப் போன் செய்தால், பதறாதே, எல்லாவற்றையும் சர்வீசுக்குக் கொடுத்திருக்கிறேன், நேரே அரங்கத்துக்கு வந்துவிடும், உனக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது என்று சிரித்தார். இவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அண்ணன் இதையெல்லாம் நினைத்துச் செய்கிறாரே என்று உருகிப்போனார்.

விழாவன்று மத்தியானம் அரங்கத்துக்குப் போனோம். மேடையில் கிட்டார்கள் எல்லாம் தாங்கிகளில் வரிசையாக நின்றன. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சிவப்பு அப்படிச் சிவந்திருந்தது. கொம்பன் கண்ணாடிபோல மின்னினான். தேய்ந்த இடமெல்லாம் பூச்சுக்குள் போய்விட்டது, நான் தைத்த உறையையும் காணோம். இவர் சிவப்பை எடுத்து மடியில் வைத்து, கட்டைவிரலால் மேல்கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். தடித்த கம்பி. வெண்ணெய்க் கிட்டாரை எடுத்தார், அதிலும் தடித்த கம்பி மேலே. கொம்பனைக் கையில் எடுக்கக்கூட இல்லை, குனிந்து பார்த்தார், அவ்வளவுதான். அப்படியே ஆம்ப் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மூத்தார் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"எப்படி இருக்கு? எவனோ ஒரு மடையன் எல்லாத்துலயும் கம்பியைத் தலைகீழா மாட்டி வெச்சிருக்கான்டா. ரிப்பேர்காரரே பார்த்துட்டு ஆடிப்போயிட்டார். கட்டை மொதக்கொண்டு எல்லாத்தையும் மாத்தி, உன் கைக்குச் சரியா போட்டாச்சு. இத்தனை வருஷமா எப்படித்தான் சமாளிச்சியோ."

இவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு உச்சந்தலையில் ஏறியது. கொடுத்த வாக்காவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் அங்கேயே போட்டு உடைத்தேன். அந்த மடையன் உங்கள் தம்பிதான் என்றேன். அவருக்கு மெல்லிய கம்பி மேலே இருந்தால்தான் வாசிக்க வரும், நீங்கள் மாற்றிக் கொடுத்த எதிலும் அவரால் ஒரு பாட்டு வாசிக்க முடியாது, பழைய கட்டைகள் எங்கே என்றேன். குப்பையில் போட்டிருப்பார் என்றார் மூத்தார். ரிப்பேர்காரர் வெளியூர், புதிதாக அறுத்து வைக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

கொஞ்சமாவது வருத்தப்படுவார் என்றுதானே நினைப்பீர்கள்? அதெப்படி, இடக்கைக்காரனுக்கு இதுதானே முறை என்று என்னிடமே வாதாடினார். சாயந்திரத்துக்குள் பழகிக்கொள்ள முடியாதா, இவ்வளவு அனுபவம் இருக்கிறதே என்றார். படிக்கிறவரிடம் எழுத்தையெல்லாம் திருப்பிப் போட்டுக் கொடுத்து, சாயந்திரத்துக்குள் படித்துவிடு என்பதுபோல இருந்தது அது. கடைசியில் அவர் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சரி விடு, அந்த ஒரு மணி நேரத்தைப் பாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம், நீ வழக்கம்போலப் பின்னால் உட்காரு, உன்னுடையதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"சரிண்ணா" என்றார் இவர்.

"சரியாவது மண்ணாவது" என்றேன் நான். என் குரல் அரங்கத்தின் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். விளக்குப் போடுகிறவர் ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தார்.

எங்களுக்கு முன்னால் வாசிக்க வேறொரு சின்னக் குழு வந்திருந்தது. அதில் கிட்டார் வாசிக்கிறவள் வங்கியில் காசாளர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் கிட்டே வந்தாள். மெல்லிய கம்பி மேலே இருக்க வேண்டுமா சார், அப்படியென்றால் என்னுடையதைத் திருப்பினால் போதுமே என்று கேட்டாள். சிரிக்கவில்லை, வியக்கவில்லை, சர்க்கஸ் பார்க்க ஆள் கூப்பிடவில்லை. தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். விலை குறைந்த நீலக் கிட்டார், உடம்பெல்லாம் ஸ்டிக்கர். இவர் அதை வாங்கித் திருப்பினார். தோளில் மாட்டுகிற வாரை அவளே மறுபக்கம் மாற்றிப் பூட்டினாள். நான் என் கைப்பையிலிருந்த கைக்குட்டையை மடித்துக் குமிழ்களுக்கு மேல் கட்டினேன். இவர் ஓர் இழுப்பு இழுத்தார். முகத்தில் உயிர் வந்தது.

மூத்தார், தம்பி இதைத் தூக்கிக்கொண்டா மேடைக்குப் போவான், சபை சிரிக்காதா என்று முணுமுணுத்தார். நான் அவர் பக்கம் திரும்பிய திரும்பலில் வாயை மூடிக்கொண்டார்.

சாயந்திரம் நாற்காலி முன்னால்தான் போடப்பட்டது. சும்மா இருப்பாரா மூத்தார்? மைக்கைப் பிடித்து, தம்பியின் கிட்டார்கள் அத்தனையையும் சொந்தச் செலவில் சரிசெய்து கொடுத்திருக்கிறேன், இதோ பாருங்கள் என்று அந்த வரிசையைக் காட்டினார். ஜனங்கள் கை தட்டினார்கள். பின்னால் மினுக்கிக்கொண்டு நின்ற தம் கிட்டார்களில் ஒன்றையும் தொடமுடியாமல், கடன் வாங்கிய நீலக் கிட்டாரோடு இவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது.

பிறகு வாசித்தார். அதைப் பற்றி நான் சொன்னால் பெண்டாட்டி பேச்சு என்பீர்கள். முதல் மெட்டில் கொஞ்சம் தடுமாறினார், அந்தக் கழுத்து இவருக்குப் புதிது. இரண்டாவதிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். உடம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை. இரண்டு கையும் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு வாசித்தார். பச்சையில் வாசிக்கவேண்டிய சோக மெட்டை நீலத்தில் வாசித்தபோது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, மூக்கை உறிஞ்சினாள். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன், அவர் கையையே பார்த்துக்கொண்டு.

மேடைக்குப் பின்னால் போனால், மூத்தார் ஆட்கள் நடுவில் நின்று, எந்தக் கிட்டாரைக் கொடுத்தாலும் என் தம்பி வாசிப்பான், நான் போட்ட அஸ்திவாரம் அப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் நீலக் கிட்டாரின் வாரைப் பழையபடி மாற்றி, துடைத்து, அந்தப் பெண்ணிடம் கொடுத்து, ரொம்ப நன்றிம்மா என்று சொல்லிவிட்டு வந்தார். மூத்தார் இவர் தோளில் கையைப் போட்டு, அடுத்த வாரம் ஓட்டல் நிகழ்ச்சி இருக்கிறது, சீக்கிரம் வந்துவிடு என்றார்.

"நான் வரலைண்ணா."

குரல் உயரவில்லை. ஆனாலும் சுற்றி நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அண்ணன் கேட்டு இவர் வரவில்லை என்று சொன்னதை அதுவரை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

"ஏன்டா? இந்தக் கிட்டார் விஷயத்துக்கா? கோபமா?"

"ஆமாண்ணா. கோபம்தான். ரொம்பக் கோபம்." தோளில் இருந்த கையை எடுத்து மெதுவாகக் கீழே விட்டார். "எல்லாத்தையும் பழையபடி மாத்திக் கொடு. அதுக்கப்புறம் வர்றதா வேண்டாமான்னு யோசிக்கிறேன்."

மூத்தாருக்கு முகம் செத்துவிட்டது. தோரணையெல்லாம் போய், நிஜமாகவே புரியாத குரலில் கேட்டார்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை நீ சொல்லலையேடா. சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்?"

நான் வாயைத் திறந்தேன். இவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அண்ணனிடம் திரும்பினார்.

"ஊர்ல மத்தவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் மறைச்சேன். உன்கிட்ட தனியா சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லைண்ணா. நீ பக்கத்துலயேதானே இருந்தே."